இன்ஜினுக்கு 90 டிகிரி சுகம்... பேட்டரிக்கு? வெயில்ல உங்க வண்டி படும் பாடு!

போன வருஷம் மே மாசம். திண்டிவனம் தாண்டி திருவண்ணாமலை ரோட்டில் போய்க்கொண்டிருந்தோம். மதியம் ஒரு மணி இருக்கும். அப்பாவின் பழைய கார். ஏ.சி-யிலிருந்து திடீரென்று வெறும் காற்று வர ஆரம்பித்தது. 'வெயில் ஜாஸ்தி, அதான்' என்று நினைத்துக்கொண்டு ஓட்டினேன். டெம்பரேச்சர் முள் சிவப்புக் கோட்டைத் தொட்டிருந்ததை, பானெட் ஓரத்தில் ஆவி கிளம்பிய பிறகுதான் பார்த்தேன்.

ஓரங்கட்டி, பானெட்டைத் திறந்து, ஒரு கையில் வாட்டர் பாட்டிலோடு ரேடியேட்டர் மூடியில் கை வைக்கப் போனேன். பக்கத்தில் நின்ற லாரியிலிருந்து ஒரு சத்தம். "தம்பி, தொடாத! குக்கரை விசில் அடங்காம தொறப்பியா?"

கையை எடுத்துவிட்டேன். அந்த டிரைவர் அண்ணன் அன்றைக்கு அங்கே இல்லையென்றால், இந்தக் கட்டுரையை டைப் பண்ண எனக்கு விரல் சரியாக இருந்திருக்காது.

அதே வாரம் இன்னொரு சம்பவம். சித்தி பையன் மின்சார ஸ்கூட்டர் வைத்திருக்கிறான். உச்சி வெயிலில் ஊரைச் சுற்றிவிட்டு வந்து உடனே சார்ஜ் போட்டான். ஏறவே இல்லை. திரையில் டெம்பரேச்சர் எச்சரிக்கை. "புது வண்டிடா, அதுக்குள்ள போச்சா?" என்று புலம்பினான். முக்கால் மணி நேரம் நிழலில் நின்ற பிறகு, ஒன்றுமே நடக்காதது மாதிரி சார்ஜ் ஏற ஆரம்பித்தது.

ரெண்டு வண்டிக்கும் வில்லன் ஒன்றுதான்: சூடு. ஆனால், ரெண்டும் அந்தச் சூட்டைச் சமாளிக்கும் விதம் நேர் எதிர். இந்த ஒரு வித்தியாசம் புரிந்தால் போதும். எதை எப்போது செய்யணும், எதைச் செய்யவே கூடாது என்பது தானாகப் புரிந்துவிடும்.

100 ரூபாய் பெட்ரோலில் எவ்வளவு ஓடுது?

பெட்ரோல் இன்ஜினை 'வண்டி ஓட்டும் மெஷின்' என்று நினைக்கிறோம். உண்மையில் அது ஓர் அடுப்பு. போனால் போகிறதென்று கொஞ்சம் சக்கரத்தையும் சுற்றுகிறது. 100 ரூபாய்க்கு பெட்ரோல் போட்டால், தோராயமாக 25 முதல் 30 ரூபாய்தான் வண்டியை நகர்த்தப் பயன்படுகிறது. மீதி எல்லாம் சூடு. அதில் ஒரு பங்கு சைலன்ஸர் வழியாகப் புகையோடு போகிறது. இன்னொரு பங்கு இன்ஜின் உடம்பிலேயே இறங்குகிறது.

சிலிண்டருக்குள் பெட்ரோல் எரியும் அந்த நொடியில் வெப்பம் 2,000 டிகிரி செல்சியஸைத் தாண்டும். இன்ஜின் பாகங்கள் பல அலுமினியக் கலவை. சுத்தமான அலுமினியம் 660 டிகிரியிலேயே உருகிவிடும். ஆக, சூட்டை ஓயாமல் வெளியே கடத்திக்கொண்டே இருந்தால்தான் இன்ஜின் உயிரோடு இருக்கும்.

அதற்காக இன்ஜின் ஐஸ் மாதிரி இருக்கணும் என்று அர்த்தம் இல்லை. ஆயில் நன்றாக ஓடவும், பெட்ரோல் முழுசாக எரியவும் சுமார் 90 டிகிரி சூடு அதற்குத் தேவை. அதனால்தான் கூலன்ட் பாதையில் தெர்மோஸ்டாட் என்ற குட்டி வால்வு இருக்கிறது. உள்ளே மெழுகு. காலையில் ஸ்டார்ட் செய்ததும் இந்த வால்வு மூடியே இருக்கும், இன்ஜின் சீக்கிரம் சூடாகட்டும் என்று. 80 டிகிரியைத் தாண்டியதும் மெழுகு உருகி விரிந்து வால்வைத் திறக்கும். கூலன்ட் ரேடியேட்டருக்குப் பாயும்.

'நம்ம ஊர் வெயிலுக்கு தெர்மோஸ்டாட் எதுக்கு?' என்று அதைக் கழற்றிப்போடும் பழக்கம் சில பட்டறைகளில் உண்டு. கேட்க நியாயமாகத்தான் இருக்கும். ஆனால் ஹைவேயில் இன்ஜின் தனக்குத் தேவையான சூட்டுக்கே வராமல் ஓடும். மைலேஜ் குறையும், தேய்மானம் கூடும். கெட்டுப்போனால் மாற்றுங்கள், கழற்றி வீசாதீர்கள்.

ரேடியேட்டர் மூடி = குக்கர் வெயிட்

லாரி டிரைவர் அண்ணன் சொன்ன குக்கர் உதாரணம் சும்மா பேச்சுக்கு இல்லை, அறிவியல்படியும் அதுதான் சரி.

திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கும். ரேடியேட்டர் மூடி, உள்ளே கிட்டத்தட்ட ஒரு மடங்கு கூடுதல் அழுத்தத்தைப் பிடித்து வைத்திருக்கும். அந்த அழுத்தத்தில் தண்ணீர் சுமார் 120 டிகிரி வரை கொதிக்காது. அதில் எத்திலீன் கிளைக்கால் கலந்த கூலன்ட் என்றால் கொதிநிலை இன்னும் மேலே போகும். கொதிக்காமல் திரவமாகவே இருந்தால்தான் அது சூட்டைச் சுமந்து போக முடியும்.

இப்போது ஓவர்ஹீட் ஆன வண்டியில் மூடியைத் திறந்தால் என்னாகும்? அழுத்தம் ஒரே நொடியில் காலி. 110, 115 டிகிரியில் அமைதியாக இருந்த திரவம், 'இப்ப நான் கொதிக்கலாமே' என்று அப்படியே ஆவியாகி, உங்கள் முகத்தை நோக்கிப் பீய்ச்சி அடிக்கும். கை, முகம், கண் எதுவும் தப்பாது.

அடுத்த கேள்வி. கூலன்ட்டுக்குப் பதில் தண்ணீரே ஊற்றினால் என்ன? சூட்டைக் கடத்துவதில் தண்ணீர் கெட்டிக்காரன்தான். ஆனால், உங்கள் வீட்டு போர் தண்ணீரைக் காய்ச்சும் பாத்திரத்தின் அடியைப் பாருங்கள். வெள்ளை வெள்ளையாக உப்பு படிந்திருக்கிறதா? அதே உப்பு ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களுக்குள்ளும் படியும். கூலன்ட்டில் துருவைத் தடுக்கும் ரசாயனங்களும் இருக்கின்றன. நடுரோட்டில் வேறு வழியில்லாதபோது குடிதண்ணீர் ஊற்றலாம். ஊருக்கு வந்ததும் அதை வடித்துவிட்டு, வண்டியின் கையேட்டில் சொன்ன கூலன்ட்டை நிரப்பிவிடுங்கள். பச்சை, பிங்க் என்று கலரைப் பார்த்து வாங்க வேண்டாம். கம்பெனிக்குக் கம்பெனி கலர் மாறும்.

முள் ஏறிடுச்சா... பதறாம இதைப் பண்ணுங்க

முதலில் ஏ.சி-யை அணையுங்கள். ஏ.சி கம்ப்ரசர் இன்ஜினுக்குக் கூடுதல் சுமை. அதோடு, ரேடியேட்டருக்கு முன்னாலேயே ஏ.சி கண்டென்சர் உட்கார்ந்துகொண்டு தன் சூட்டையும் பின்னால் தள்ளும். பல கார்களில் இன்ஜின் அதிகம் சூடானால் ஏ.சி தானாகவே நின்றுவிடும். அன்றைக்கு எனக்கு வெறும் காற்று வந்ததும் அதனால்தான். அது ஏ.சி ரிப்பேர் இல்லை, கார் எனக்குக் கொடுத்த முதல் எச்சரிக்கை.

ரெண்டாவது, கேட்டால் திட்டுவீர்கள்: ஹீட்டரை ஃபுல்லாக வையுங்கள். ஹீட்டர் என்பது கேபினுக்குள் இருக்கும் இன்னொரு குட்டி ரேடியேட்டர். இன்ஜின் சூட்டைக் கொஞ்சம் உள்ளே இழுத்துக்கொள்ளும். கண்ணாடியை இறக்கிவிட்டு, வியர்வையோடு ஓரங்கட்டும் இடம் வரை போக இது உதவும். முள் சிவப்புக்குள் போய்விட்டாலோ, ஆவி வந்தாலோ இந்த வித்தையெல்லாம் வேண்டாம். உடனே நிறுத்தி இன்ஜினை ஆஃப் செய்துவிடுங்கள்.

மூன்றாவது, காத்திருங்கள். குறைந்தது அரை மணி நேரம். ரேடியேட்டருக்கு மேலே போகும் ரப்பர் ஹோஸ் சூடு ஆறியிருக்கிறதா என்று பார்த்த பிறகு, மூடியில் தடிமனான துணியைப் போட்டு, கால் திருகு திருகி, 'உஸ்' சத்தம் முழுசாக அடங்கியபின் திறங்கள். கொதிக்கும் இன்ஜினில் ஜில் தண்ணீரை ஊற்றவே கூடாது. சூடான கண்ணாடி டம்ளரில் ஐஸ் வாட்டர் ஊற்றின கதைதான், உலோகம் விரிசல் விடலாம்.

'இன்னும் பத்து கிலோமீட்டர்தானே, ஓட்டிப் போயிடலாம்' என்று நினைப்பதுதான் பெரிய செலவில் கொண்டுபோய் விடும். அதிக சூட்டில் சிலிண்டர் ஹெட் வளையும், ஹெட் கேஸ்கெட் போகும். பிறகு கூலன்ட் ஆயிலோடு கலக்கும். ஆயில் பால் டீ நிறத்துக்கு மாறுவதும், சைலன்ஸரில் வெள்ளைப் புகை விடாமல் வருவதும் அதன் அறிகுறிகள். சில நூறு ரூபாய் ஹோஸில் முடிய வேண்டிய வேலை, இன்ஜினையே பிரித்துக் கோக்கும் வேலையாகிவிடும்.

மலைப்பாதைக்கும் தனி கவனம் வேண்டும். 70 கொண்டை ஊசி வளைவுகள் உள்ள கொல்லிமலையில் ஏறும்போது இன்ஜினுக்கு முழுப் பளு, ஆனால் வேகம் குறைவு. அதாவது ரேடியேட்டருக்கு எதிர்க்காற்று கிடைக்காது. ஃபேன் ஒன்றுதான் துணை. கிளம்பும் முன் கூலன்ட் பாட்டிலில் அளவு, கீழ்க்கோட்டுக்கும் மேல்கோட்டுக்கும் நடுவில் இருக்கிறதா என்று ஒரு பார்வை பாருங்கள். மாசத்துக்கு மாசம் அளவு இறங்கினால் எங்கேயோ கசிகிறது என்று அர்த்தம்.

பைக் வெச்சிருக்கவங்களுக்கு

ஸ்ப்ளெண்டர் மாதிரி வண்டிகளின் இன்ஜினைச் சுற்றி அடுக்கடுக்காகத் தகடுகள் இருக்கும். அவை அழகுக்கு இல்லை. காற்று படும் பரப்பை அதிகமாக்கி, சூட்டை இறக்கிவிடத்தான். இதில் ரேடியேட்டர் இல்லை, ஃபேன் இல்லை. ஓடும் வேகமே ஃபேன். அப்போ சிக்னலில் நின்றால்? ஃபேன் ஆஃப்!

ஆக்டிவா மாதிரி ஸ்கூட்டர்களில் இன்ஜின் பாடிக்குள் ஒளிந்திருக்கும். அதனால் உள்ளேயே ஒரு சின்ன ஃபேன் இன்ஜினோடு சேர்ந்து சுற்றும். பல்சர் 220 போன்றவற்றில் ஆயிலைக் குளிர்விக்க முன்னால் ஒரு சின்ன ரேடியேட்டர் உண்டு. ஆர்15, டியூக் போன்றவற்றில் காரில் இருப்பது போலவே கூலன்ட், ரேடியேட்டர், ஃபேன் எல்லாம் உண்டு. டிராஃபிக்கில் உங்கள் தொடைக்கு அடிக்கிற அனல், அந்த ஃபேன் தன் வேலையைச் செய்கிறது என்பதற்கான சாட்சி.

காற்றால் குளிரும் பைக்குக்குச் செய்ய வேண்டியது மூன்று. நீண்ட சிக்னலில் இன்ஜினை ஆஃப் செய்வது. தகடுகளுக்கு நடுவே சேறு, எண்ணெய்ப் பிசுக்கு சேராமல் பார்த்துக்கொள்வது. ஆயில் அளவைச் சரியாக வைப்பது. ஆயில் வழவழப்புக்கு மட்டும் இல்லை. பிஸ்டனின் சூட்டைச் சுமந்து வெளியே கொண்டுவருவதும் அதுதான். ஆயில் குறைந்தால், சூட்டைத் தூக்கிச் செல்ல ஆளும் குறைகிறது.

செய்யக் கூடாதது ஒன்று. நீண்ட தூரம் ஓட்டி வந்த சூட்டோடு வாட்டர் வாஷுக்கு விடாதீர்கள். ஒரு டீ குடித்துவிட்டு, வண்டி ஆறியதும் விடுங்கள்.

பேட்டரிக்கு வேற நியாயம்

இப்போது மின்சார வண்டிக்கு வருவோம். மோட்டார் ரொம்பச் சிக்கனமான ஆள். கிடைக்கும் மின்சாரத்தில் 90 சதவிகிதத்தை ஒட்டி இயக்கமாக மாற்றிவிடும். பெட்ரோல் இன்ஜினோடு ஒப்பிட்டால் வீணாகும் சூடு ரொம்பக் குறைவு. அப்போ பிரச்னையே இல்லையே?

இருக்கிறது. சூடு குறைவுதான், ஆனால் தாங்கும் சக்தி அதைவிடக் குறைவு. இன்ஜினுக்கு 90 டிகிரி சுகம். லித்தியம் அயன் பேட்டரிக்கோ நமக்கு எது சுகமோ அதுதான் சுகம்: சுமாராக 15 முதல் 35 டிகிரி. 45-ஐத் தாண்டினால் உள்ளே தேவையில்லாத ரசாயன மாற்றங்கள் வேகமெடுக்கும். பேட்டரியின் ஆயுள் கண்ணுக்குத் தெரியாமல் கரையும். பொதுவாக ஒவ்வொரு 10 டிகிரி ஏற்றத்துக்கும் ரசாயன வினைகளின் வேகம் ஏறக்குறைய ரெண்டு மடங்காகும் என்பார்கள்.

இதைப் புரிந்துகொள்ள வண்டியே வேண்டாம். நீங்கள் கையில் வைத்திருக்கும் போனே போதும். சார்ஜ் போட்டுக்கொண்டே கேம் ஆடினால் பின்பக்கம் சுடும். வெயிலில் டேஷ்போர்டு மேல் வைத்து மேப் பார்த்தால், ஸ்க்ரீன் மங்கி, சார்ஜ் ஏறுவது நின்றுபோகும். அங்கே இருப்பதும் லித்தியம் அயன் பேட்டரிதான். சித்தி பையன் ஸ்கூட்டர் செய்ததும் அதையேதான். அது கெட்டுப்போகவில்லை, தன்னைக் காப்பாற்றிக்கொண்டது. பேட்டரியைக் கண்காணிக்கும் பி.எம்.எஸ் என்ற எலெக்ட்ரானிக் காவலாளி, 'ஆறினதும் வா' என்று கேட்டைச் சாத்திவிட்டது.

இங்கேதான் ரெண்டு வண்டிக்கும் உள்ள முக்கிய வித்தியாசம் வருகிறது. இன்ஜின் கூலன்ட் 95 டிகிரி, வெளியே 42 டிகிரி வெயில் என்று வைத்துக்கொள்வோம். 53 டிகிரி வித்தியாசம். கத்திரி வெயிலும் அந்த இன்ஜினுக்குக் குளிர்காற்றுதான்! ஆனால் பேட்டரி 38 டிகிரியில் இருக்கிறது, வெளியே 42 என்றால்? ஃபேன் போட்டால் சூடு வெளியே போகாது, உள்ளே வரும். மே மாச மதியம் மொட்டை மாடி ரூமில் ஃபேன் போட்டுப் படுத்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

சென்னையில் 2003 மே 31 அன்று 45 டிகிரி பதிவாகியிருக்கிறது. வேலூரில் மே மாசம் 40-ஐத் தாண்டுவது செய்தியே இல்லை. ஆக, நம்ம ஊர் கோடையில் பேட்டரிக்குக் காற்று மட்டும் போதாது. ஏ.சி-யே வேண்டும்.

காருக்கு ஏ.சி இருக்கு... ஸ்கூட்டருக்கு?

இந்தப் பாடத்தை உலகம் ஒரு பாலைவன ஊரில்தான் கற்றது. நிசான் லீஃப் என்ற மின்சார கார் 2010 கடைசியில் விற்பனைக்கு வந்தது. அதன் பேட்டரிக்குக் கூலன்ட் கிடையாது, தானாக ஆறினால் உண்டு. அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் கோடையில் 40 டிகிரி சர்வசாதாரணம். 2012-ல் அங்கிருந்த உரிமையாளர்கள் பலர், ஒரு சார்ஜில் ஓடும் தூரம் எதிர்பார்த்ததைவிட வேகமாகக் குறைகிறது என்று புகார் சொல்ல ஆரம்பித்தார்கள். நிறுவனம் பிறகு பேட்டரி கொள்ளளவுக்குத் தனி வாரன்ட்டி கொடுத்தது. சூட்டைக் கூடுதலாகத் தாங்கும் பேட்டரி ரசாயனத்தையும் கொண்டுவந்தது.

இன்று பெரும்பாலான மின்சார கார்களில் பேட்டரிக்குள் கூலன்ட் பாய்கிறது. நம்ம ரோட்டில் நிறைய பார்க்கும் டாடா நெக்ஸான் இ.வி-யும் அப்படித்தான். வெயில் அதிகமானால் இந்தக் கூலன்ட்டை, காரின் ஏ.சி-யோடு சேர்ந்த சில்லர் என்ற பாகம் குளிர வைக்கும் அமைப்பும் பல கார்களில் உண்டு. ஃபாஸ்ட் சார்ஜ் போட்டுவிட்டு நிற்கும்போது முன்பக்கம் ஃபேன் 'கொர்ர்ர்' என்று கத்துகிறதா? பயப்பட வேண்டாம். பேட்டரிக்கு ஏ.சி ஓடுகிறது, அவ்வளவுதான்.

ஸ்கூட்டருக்கு வந்தால் கதை வேறு. அதில் ஏ.சி-க்கு இடமும் இல்லை, பட்ஜெட்டும் இல்லை. பெரும்பாலான மின்சார ஸ்கூட்டர்களில் பேட்டரியின் உலோகக் கூடு சூட்டை வாங்கி மெதுவாகக் காற்றில் விட வேண்டியதுதான். பகல் முழுக்க வாங்கிய சூட்டை ராத்திரிதான் இறக்கும். சுருக்கமாக, ஸ்கூட்டருக்கு ஏ.சி நீங்கள்தான். நிழல், நேரம், பொறுமை... இந்த மூன்றையும் நீங்கள்தான் கொடுக்கணும்.

ஆக்சிலரேட்டருக்கும் இதில் பங்கு உண்டு. பேட்டரியில் கரன்ட் ரெண்டு மடங்கானால் சூடு ரெண்டு மடங்கு ஆகாது, நாலு மடங்காகும். மூணு மடங்கானால் ஒன்பது மடங்கு. ஸ்போர்ட் மோடில் சிக்னலுக்குச் சிக்னல் முறுக்கினால் பேட்டரி ஏன் கொதிக்கிறது என்று இப்போது புரியும். உச்சி வெயிலில் டெலிவரி ஓட்டும் நண்பர்கள், மதியம் 12 முதல் 4 வரை மட்டுமாவது ஈகோ மோடில் ஓட்டிப் பாருங்கள். சாயங்காலம் சார்ஜுக்குக் காத்திருக்கும் நேரமே குறையும்.

சார்ஜ் போடும்போது இதெல்லாம் கவனிங்க

ஓட்டி வந்த சூட்டோடு சார்ஜ் போடாதீர்கள். அரை மணி நேரமாவது நிழலில் விடுங்கள். சார்ஜ் ஏறும்போதும் சூடு பிறக்கும் என்பதால், ஏற்கெனவே சுடும் பேட்டரிக்கு அது ரெட்டைச் சுமை. கோடையில் அதிகாலைதான் நல்ல நேரம். டைமர் வசதி இருந்தால் விடியற்காலை ஏறி முடியும்படி வைக்கலாம்.

100 சதவிகித சார்ஜும் சுட்டெரிக்கும் வெயிலும் சேர்ந்தால் பேட்டரிக்கு மோசமான கூட்டணி. தினசரி ஓட்டத்துக்கு 80 சதவிகிதம் போதும் என்றால் அதோடு நிறுத்துங்கள். ஒரு மாசம் ஊருக்குப் போகிறீர்கள் என்றால் பாதி சார்ஜில் நிழலில் விட்டுப் போங்கள். எல்.எஃப்.பி வகை பேட்டரி என்றால் அவ்வப்போது முழு சார்ஜ் போடச் சொல்லியிருப்பார்கள். அங்கே கையேட்டின் பேச்சுதான் முக்கியம்.

ப்ளக்கையும் கவனியுங்கள். பலரும் பேட்டரியை மட்டும் பார்த்துவிட்டு சுவரை மறந்துவிடுகிறார்கள். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ், தளர்ந்த சாக்கெட், எர்த் இல்லாத லைன் எதுவும் வேண்டாம். தளர்ந்த இணைப்பில் மின்தடை கூடும், அங்கே சூடு பிறக்கும். ப்ளக் பின் கறுத்திருந்தாலோ, பிளாஸ்டிக் பழுப்பாகியிருந்தாலோ உடனே எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். வண்டியோடு வந்த சார்ஜர் தவிர வேறு எதையும் சொருகாதீர்கள்.

கார் வைத்திருப்பவர்களுக்கு ஒரு போனஸ். கிளம்பும் முன், சார்ஜரில் இருக்கும்போதே ஆப் வழியாக ஏ.சி-யைப் போட்டு கேபினைக் குளிர வையுங்கள். அதற்கான மின்சாரம் சுவரிலிருந்து வரும், உங்கள் ரேஞ்சிலிருந்து போகாது.

வேலூர் சொன்ன பாடம்

2022 மார்ச் கடைசி வாரம். வேலூரில் ஒரு வீட்டில் இரவு சார்ஜ் போட்டிருந்த மின்சார ஸ்கூட்டர் தீப்பிடித்தது. புகையில் மூச்சுத்திணறி ஒரு தந்தையும் அவருடைய 13 வயது மகளும் இறந்துபோனார்கள். அந்த ஆண்டு நாட்டின் வேறு சில இடங்களிலும் மின்சார ஸ்கூட்டர்கள் எரிந்தன.

லித்தியம் அயன் செல் ஒன்று ஏதோ ஒரு காரணத்தால் கட்டுமீறிச் சூடானால், உள்ளே ரெண்டு முனைகளைப் பிரித்து வைத்திருக்கும் மெல்லிய படலம் 130 டிகிரியைத் தாண்டும்போது உருகத் தொடங்கும். உள்ளேயே ஷார்ட் ஆகும். அந்தச் சூடு பக்கத்து செல்லுக்குத் தாவும். பிறகு ஒன்றையொன்று கொளுத்திக்கொண்டே போகும். பல வகை செல்கள் எரியும்போது தாமே ஆக்ஸிஜனை வெளிவிடும். அதனால்தான் மண்ணையோ போர்வையையோ போட்டு மூடினாலும் அடங்குவதில்லை. வெளிவரும் புகையும் நச்சுப்புகை.

அந்தச் சம்பவங்களுக்குப் பிறகு மத்திய அரசு நிபுணர் குழு அமைத்து, ஏ.ஐ.எஸ் 156 என்ற பேட்டரி பாதுகாப்பு விதிமுறையைக் கடுமையாக்கியது. முதல் கட்டம் 2022 டிசம்பர் 1-லும், ரெண்டாம் கட்டம் 2023 மார்ச் 31-லும் அமலுக்கு வந்தன. ஒரு செல்லின் சூடு மற்றவற்றுக்குப் பரவுவது பற்றிய சோதனை, ஆபத்து வந்தால் முன்கூட்டியே எச்சரிக்கும் வசதி எல்லாம் அதில் சேர்ந்தன. செகண்ட் ஹேண்டில் மின்சார ஸ்கூட்டர் வாங்குபவர்கள் விலையை மட்டும் பேசாமல், வண்டி தயாரான மாசத்தையும், பேட்டரி எந்த விதிமுறைப்படி சான்று பெற்றது என்பதையும் கேளுங்கள். இந்தத் தேதிகள் அங்கே உதவும்.

மின்சார வண்டி என்றாலே ஆபத்து என்று சொல்லவில்லை. பெட்ரோல் வண்டிகளும்தான் எரிகின்றன. ஆனால், பெட்ரோல் வண்டியை யாரும் ராத்திரி முழுக்க படுக்கையறைக்குப் பக்கத்தில் ப்ளக்கில் போட்டுவிட்டுத் தூங்குவதில்லை.

அதனால், சிங்கிள் பெட்ரூம் வீட்டிலும் கடைப்பிடிக்க வேண்டிய விதி ஒன்று உண்டு. நீங்கள் வெளியேறும் வழியில் சார்ஜ் போடாதீர்கள். மாடிப்படிக்குக் கீழே, ஒரே வாசலுக்குக் குறுக்கே, ஹாலில்... வேண்டவே வேண்டாம். கழற்றும் வகை பேட்டரி என்றால் கட்டிலுக்கு அடியிலோ சோபா மேலோ வைக்காதீர்கள். நீங்கள் முழித்திருக்கும் நேரத்தில், காற்றோட்டமான இடத்தில் சார்ஜ் போடுங்கள். கீழே விழுந்து அடிபட்ட, உப்பிய, வித்தியாசமான வாடை வரும், வெள்ளத்தில் மூழ்கிய பேட்டரிக்கு சர்வீஸ் சென்டர் பார்க்கும் வரை சார்ஜ் கிடையாது.

புகை வந்துவிட்டால் வீரம் காட்ட வேண்டாம். எல்லோரையும் கூட்டிக்கொண்டு வெளியே போய், கதவைச் சாத்திவிட்டு, 101-க்கோ 112-க்கோ போன் செய்யுங்கள். எரிவது பேட்டரி என்று மறக்காமல் சொல்லுங்கள். வண்டியை வேறு வாங்கிக்கொள்ளலாம்.

வாட்ஸ்அப் மாமாவுக்குப் பதில்

ஒவ்வொரு கோடையிலும் ஒரு ஃபார்வேர்டு வரும். 'வெயிலில் ஃபுல் டேங்க் போட்டால் வண்டி வெடிக்கும்!' இதை இந்தியன் ஆயில் நிறுவனமே மறுத்திருக்கிறது. பெட்ரோல் தீப்பொறி இல்லாமல் தானாகப் பற்றிக்கொள்ள 250 டிகிரிக்கு மேல் வேண்டும். எந்த வெயிலும் அங்கே வராது. டேங்க்கில் ஆவிக்கான இடத்தையும் கணக்குப் பண்ணித்தான் வடிவமைக்கிறார்கள். பங்க்கில் நாசில் தானாக நின்ற பிறகும் 'ரவுண்டு பண்ணுங்கண்ணே' என்று வழியவிடாமல் இருந்தால் போதும்.

வெயிலில் நிறுத்திய காரில் உண்மையான ஆபத்து வேறு. கண்ணாடி மூடிய காருக்குள், ஒரு மணி நேரத்தில் வெளியே இருப்பதைவிட 20 டிகிரிக்கு மேல் கூடிவிடும். 40 டிகிரி வெயிலில் உள்ளே 60. 'அஞ்சு நிமிஷத்துல வந்துடறேன்' என்று குழந்தையையோ நாய்க்குட்டியையோ உள்ளே விட்டுப் போகாதீர்கள். பெட்ரோலோ, எலெக்ட்ரிக்கோ, இந்த விஷயத்தில் ரெண்டும் ஒன்றுதான்.

திருவண்ணாமலை ரோட்டில் அன்றைக்கு என்ன ஆச்சு என்று கேட்கிறீர்களா? ரேடியேட்டரின் கீழ் ஹோஸில் ஒரு வெடிப்பு. ஆறும் வரை புளிய மரத்தடியில் உட்கார்ந்திருந்தோம். பிறகு மெக்கானிக் வந்து ஹோஸை மாற்றி, கூலன்ட் ஊற்றினார். அரை நாள் போச்சு, அவ்வளவுதான். அப்பா இப்போதெல்லாம் கிளம்பும் முன் டயரைத் தட்டிப் பார்ப்பதோடு கூலன்ட் பாட்டிலையும் எட்டிப் பார்க்கிறார். சித்தி பையன் ஆபீஸ் பார்க்கிங்கில் வேப்ப மர நிழலுக்காக 20 நிமிஷம் சீக்கிரமே கிளம்புகிறான்.

அடுத்த முறை வண்டியை எடுக்கும்போது ஒரு நிமிஷம் அதையும் கவனியுங்கள். இன்ஜின் வண்டி என்றால் முள்ளைப் பாருங்கள். பேட்டரி வண்டி என்றால் நிழலைப் பாருங்கள்.